சிவப்பு முடிச்சும் பச்சைப் பெட்டியும்

நூல் வியாபாரி வையாபுரியார் ஜில்லா போர்டுத் தேர்தலில் நிற்கிறார் என்ற செய்தி சேலத்துக்கு எட்டியபோது, எங்கள் வீட்டார் எல்லாரும் நம்பியது ஒன்றுதான்: அவருடைய கடை நொடித்துப்போய்விட்டது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வக்கீலிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவர் என் தகப்பனார். கடை நன்றாக நடக்கிற மனிதனுக்கு மேடையில் என்ன வேலை என்று கேட்டார். பிறகு அந்தக் கேள்வியையே தீர்ப்பாகவும் வைத்துக்கொண்டார். அம்மாவின் கவலை வேறு. ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில், வையாபுரியாரின் கடை இருந்த அந்த நெசவு ஊரில், போர்டு பெண்கள் பள்ளிக்கு நான் அப்போது தலைமை ஆசிரியை. "நூல்கடைக்காரரு போர்டுக்குப் போனா உன் பள்ளிக்கூடத்தை நூல் கிடங்கா ஆக்கிடுவாரு, பாத்துக்கோ" என்றாள் அம்மா.

இருவரும் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இருவர் கணிப்பும் தலைகீழாயிற்று. அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எழுதத் தூண்டியவள் விஜயா. என்னிடம் படித்தவள், நான் ஓய்வு பெற்ற அதே பள்ளியில் இன்று ஆசிரியை. சென்ற தேர்தலுக்குச் சாவடி வேலைக்கான உத்தரவு வந்ததும் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது எல்லாருக்கும் ஒரே பெட்டி. சீட்டில் சின்னங்கள் இருக்கின்றன. முத்திரை குத்தி, மடித்துப் போட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் தனிப் பெட்டி வைத்திருந்த காலத்தில் நான் சாவடி அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. அப்புறம் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. புறப்படும்போது, இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். வையாபுரியாரைப் பற்றி இல்லாமல் அதை எழுத முடியாது என்றேன். அப்படியானால் அவரைப் பற்றியே எழுதுங்கள் என்றாள்.

வையாபுரியார் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். வீட்டில் நெய்த சேலைகளைச் சேலத்துச் சந்தையில் சேர்த்துவிட்டு நூலோடு திரும்புவது இளம்பருவத்தில் அவர் வேலை. பாரம் ஏற்றிய வண்டியில் தானும் ஏறினால் மாடு தளரும் என்று பின்னாலேயே நடந்து வருவாராம். வழியிலுள்ள ஊர்களில் எந்தத் தறிக்கு எந்த நூல் வேண்டும் என்பது அந்த நடையில்தான் அவருக்கு மனப்பாடமாயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாகக் கடை வைத்தார்.

அன்றைய நூல் வியாபாரத்தில் தில்லுமுல்லுக்குக் குறைவில்லை. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி, பல சிட்டங்களை ஒரு கட்டாகக் கட்டி விற்பார்கள். கட்டின் மேற்புறம் பளபளவென்று இருக்கும். உள்ளே அறுந்ததும் ஒட்டுப்போட்டதும் இருக்கும். எடை கூடுவதற்காக ஈரம் ஏற்றுவதும் உண்டு. வையாபுரியார் தம் கடைக்கு வரும் ஒவ்வொரு கட்டையும் பிரிப்பார். மேலேயும் தொடமாட்டார், அடியிலும் தொடமாட்டார்; நடுவில் விரலை விட்டு ஒரு சிட்டத்தை உருவி, இரு கைகளுக்கிடையே இழுத்து, வெளிச்சத்தில் பார்ப்பார். தேறினால் நிறுத்து, மறுபடி கட்டி, சிவப்பு நூலால் தம் கையாலேயே ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு விழுந்த கட்டைத் தறிக்காரர் எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சுற்று வட்டாரத்தில் அவர் பெயரைவிட 'செவப்பு முடிச்சுக்காரர்' என்ற பட்டமே அதிகம் வழங்கிற்று.

அந்நியத் துணியை ஒதுக்கும் இயக்கம் எங்கள் பக்கம் வலுத்தபோது, சீமை நூலை இறக்குவதை நிறுத்தினார். அதைப் பற்றி அவர் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. பொதுக்காரியத்துக்கு அவர் வந்தது தண்ணீரால். சாயப் பட்டறைகளின் கழிவு நீர் ஊர்க் குடிகிணற்றில் கசிந்தது. பஞ்சாயத்து போர்டுக்கு மனுப்போட்டு அலுத்துப்போய், தாமே தேர்தலில் நின்று, உறுப்பினராகி, தலைவருமானார். பட்டறைக்காரர்கள் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அவர்களைக் கூட்டி, பட்டறைகளை ஊருக்குக் கீழ்ப்புறம் மாற்றச் செய்தார். கிணறு தெளிந்த பிறகு முதல் குடத்தை அவர் வீட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை என்பதை ஊர் கவனித்து வைத்திருந்தது.

என்னைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இளம் வயதிலேயே கணவரை இழந்த என்னை, உறவினர் பேச்சைக் காதில் வாங்காமல், அப்பா படிக்க வைத்தார். ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஓரிரு ஊர்களில் பணியாற்றி, அந்த நெசவு ஊருக்கு வந்து சேர்ந்தேன். இங்கே அவ்வளவு போதும்.

பஞ்சாயத்துத் தலைவர் என்ற முறையில் வையாபுரியார் பள்ளியைப் பார்வையிட வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நன்றாக வாசிக்கும் பெண்களை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். எல்லா ஆசிரியரும் செய்வதுதான். அவர் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே வகுப்பின் நடுவுக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை எழுந்து வாசிக்கச் சொன்னார். அவள் தட்டுத் தடுமாறி ஒரு பத்தியை முடித்தாள். அவர் அவசரப்படுத்தாமல் கடைசிச் சொல் வரை கேட்டார். வாசலில் அவரை வழியனுப்பும்போது, முன்வரிசைப் பெண்களை ஏன் கேட்கவில்லை என்று நான் சற்று வருத்தத்தோடு கேட்டேன்.

"முன்னால நல்லதைத்தானுங்க எல்லாரும் வெப்பாங்க அம்மிணி. நடுவுல இருக்கறதுதானுங்க சரக்கு" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி, "சரக்கு மோசமில்லீங்க" என்றும் சொன்னார்.

அன்று எனக்குக் கோபம். ஆனால் அதற்குப் பிறகு, என் பணிக்காலம் முழுவதும், ஒரு வகுப்பின் தரத்தை அறிய நான் நடுவரிசையையே பார்த்தேன்.

நூல் வழங்கும் நாட்களில் அவருடைய கிடங்கின் முன்னால் பெண்கள் முறை வைத்துக் காத்திருப்பார்கள். ஆண்கள் தறியைவிட்டு எழுந்தால் வேலை கெடும். ஆகையால் நூல் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிற்பகல் முழுவதும் அங்கே கழியும். அந்த நேரத்தில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுமதி கேட்டேன். "நூலு வாங்க வந்தவங்க எழுத்தையும் சேத்து வாங்கிட்டுப் போகட்டுமுங்கறீங்க" என்று சிரித்தார். அடுத்த நூல் நாளில் கிடங்கின் ஒரு பக்கம் ஒழிக்கப்பட்டு, கரி பூசிய பலகை ஒன்று சாத்தியிருந்தது. பெண்டாட்டி படிக்கப் போய்விட்டால் தறிக்கு நூல் தார் சுற்றுவது யார் என்று சில தறிக்காரர்கள் முறையிட்டார்கள். படிக்க உட்கார்ந்தவளுக்கு அவள் முறை தவறாது, எழுந்து வந்ததும் நூல் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார். காத்திருக்கும் நேரம் எப்படியும் போகிற நேரம்தான் என்று புரிந்ததும் முறையீடு அடங்கிற்று.

பாடப் புத்தகம் அவர்களுக்கு ஏறவில்லை. ஒவ்வொரு நூல் கட்டிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நூலின் நம்பரும் கடைக்காரர் பெயரும் அதில் இருக்கும். அந்தச் சீட்டுகளே எங்கள் பாடப் புத்தகம் ஆயின. அவை தேவைப்படும் காலமும் வந்தது. யாரோ மட்டமான நூலில் சிவப்பு முடிச்சுப் போட்டு, வையாபுரியார் சரக்கு என்று விற்கத் தொடங்கினார்கள். ஏமாந்தவர்கள் அவர் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர் அவமானத்தால் கறுத்துப்போனார். அன்று பிற்பகல் கிடங்கு வகுப்புக்குள் வந்து, பெண்களைப் பார்த்துச் சொன்னார்:

"இனி முடிச்சைப் பாத்து எடுக்காதீங்க சாமி. முடிச்சு யாரு வேணாலும் போடலாம். மேல ஒட்டியிருக்கற சீட்டைப் படிங்க. எம் பேரு இருந்தா எடுங்க."

வீட்டுக்குப் போய் ஆண்களிடமும் சொல்லச் சொன்னார். அவர்கள் சொன்னார்கள். ஆனால் படிக்கத் தெரியாத ஆணுக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டைப் பார்ப்பது வீட்டில் பெண்ணின் வேலையாயிற்று.

முப்பதுகளின் பிற்பகுதியில் ஜில்லா போர்டுக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் ரங்கப்பன் என்ற மிட்டாதார். பல ஊர்களுக்கு நிலவரி வசூலிக்கும் பரம்பரை உரிமையுள்ள குடும்பம். கொடுமைக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெண்களுக்குத் தனிப் பள்ளி வீண் செலவு, தான் வென்றால் அதை ஆண்கள் பள்ளியோடு சேர்த்துவிடுவதாகப் பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். சேர்த்துவிட்டால் நெசவுத் தெருப் பெண்களில் ஒருத்தியும் பள்ளிக்கு வரமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெட்டிகளின் நிறத்தைக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். சிவப்பு மிட்டாதாருக்குப் போயிற்று. வையாபுரியாருக்குப் பச்சை.

ஊரே திகைத்தது. இத்தனை காலம் சிவப்பைப் பார்த்து அவரை நம்பிய ஜனங்களை, இந்த ஒரு நாள் மட்டும் பச்சையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவருடைய ஆட்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்கள். மிட்டாதாரின் ஆட்கள் பின்னாலேயே வந்து, செவப்பு முடிச்சுக்காரருக்குச் செவப்புப் பெட்டி இல்லாமல் வேறு எது என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கடை ஆட்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: தேர்தல் வரைக்கும் கட்டுகளில் பச்சை முடிச்சுப் போட்டுவிடுவோம், ஜனங்களின் கண் பழகிவிடும். அப்போது நான் கிடங்கில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பதில் என் காதில் விழுந்தது.

"முடிச்சு எடைக்குப் போட்டதுங்கடா. ஓட்டுக்குப் போட்டதில்ல" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. முடிச்சு சிவப்பாகவே இருந்தது.

நெசவுத் தெருப் பெண்கள் சாவடிக்கு என்னை அதிகாரியாக நியமித்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கு ஓட்டு உண்டு என்று ஏற்பட்டிருந்ததால், அந்தத் தெருவில் ஓட்டுப் பெற்ற பெண்கள் அநேகமாக எல்லாரும் கிடங்கு வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தாம். நாமக்கல்லில் எங்களுக்குப் பயிற்சி நடந்தபோது, எந்தப் பெட்டி யாருடையது என்று ஓட்டுப் போட வருபவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எழுந்து கேட்டேன். பயிற்சி கொடுத்த அதிகாரி சிறிது யோசித்து ஒரு வாக்கியம் சொன்னார்: 'பெட்டிகள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கிறது.' இதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, கண்ணும் கையும் அசையக் கூடாது என்றார். எழுதிக்கொண்டேன்.

ஓட்டு நாளன்று காலையிலிருந்தே பெண்கள் வந்தார்கள். நான் பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, ஓட்டுச் சீட்டைக் கொடுப்பேன். அவர்கள் திரைக்குப் பின்னால் போய், விரும்பிய பெட்டியில் போட்டுவிட்டு அந்தப் பக்கமாக வெளியேறுவார்கள். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. சீட்டை வாங்கிய பலரும் குனிந்து, நம்ம நூல்கடைக்காரர் பெட்டி எது என்று மெல்லக் கேட்டார்கள். என்னிடம் எழுத்துக் கற்ற முகங்கள். என்னை நம்பிக் கேட்ட முகங்கள். பச்சை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அது சொல்லப்படாவிட்டால் என் பள்ளியே போய்விடலாம். ஒவ்வொருத்திக்கும் அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

மிட்டாதாரின் பிரதிநிதியாக அவருடைய அண்ணி என் அருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷி, வெற்றிலைச் செல்லத்தோடு வந்திருந்தார். பிற்பகலில் அவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, இதையே எத்தனை தடவைங்க சொல்லுவீங்க? எனக்கே மனப்பாடமாயிருச்சு. நீங்க தண்ணி குடிங்க, அடுத்தவளுக்கு நான் சொல்றேன்" என்றார். தண்ணீரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

எண்ணிக்கையில் நடந்தது இது. அதே தெருவின் ஆண்கள் சாவடியில் சிவப்புப் பெட்டி நிறைந்து கிடந்தது. வையாபுரியாருக்காக உயிரைக் கொடுப்போம் என்றவர்கள் எல்லாம், பழக்கத்தில், சிவப்பைக் கண்டதும் சீட்டைப் போட்டுவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெண்கள் சாவடியில் பச்சைப் பெட்டி நிறைந்திருந்தது. அந்தப் பச்சைப் பெட்டியால்தான், மிகக் குறைந்த வித்தியாசத்தில், வையாபுரியார் வென்றார்.

மறு வாரமே என்மேல் புகார் போயிற்று. ஆண்கள் எல்லாரும் ஒரு பெட்டியிலும் அவர்கள் மனைவிமார் வேறு பெட்டியிலும் போட்டிருக்கிறார்கள் என்றால், உள்ளே இருந்த ஆசிரியை சொல்லிக் கொடுக்காமல் அது எப்படி நடக்கும்? இந்தப் பெண்களுக்குத் தங்கள் பெயரைக் கிறுக்குவதைத் தவிர வேறு எழுத்துத் தெரியாது. 'சீட்டு' என்று ஆசிரியை சொன்னது ஏற்கெனவே பேசி வைத்த சங்கேதம். மிட்டாதாரின் வக்கீல் எழுதிய புகார் இது. மெய்ப்பிக்கப்பட்டால் என் வேலை போகும்; பெண்கள் சாவடியின் ஓட்டுகள் செல்லாமற்போகும்; வையாபுரியாரின் வெற்றியும் பள்ளியும் அதோடு போகும். டிப்டி கலெக்டர் விசாரணைக்கு, அதிகாரிகள் வந்து தங்கும் முசாபரி பங்களாவில் முகாம் போட்டார்.

வையாபுரியார் எனக்காக ஒரு சொல் சொல்ல வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பள்ளிக்கு வந்தார். ஆனால் விசாரணைக்கு வரப்போவதில்லை என்று சொல்லத்தான் வந்தார்.

"நான் வந்து நின்னா, உங்க சொல்லு எஞ்சொல்லாப் போயிருமுங்க அம்மிணி. உங்க சொல்லுக்கு ஆள் துணை வேண்டாமுங்க."

அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டார் என்றே எண்ணினேன். அவர் பெயர் அடிபடும் விசாரணையில் அவர் நிழல் விழுந்தாலும் என் உண்மைக்குக் களங்கம் என்பதை, நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன்.

வக்கீல் இரண்டு மணி நேரம் கேட்டார். நான் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன்; அதை எனக்குக் கொடுத்தவர் யார் என்பதைச் சொன்னேன். கடைசியில் அவர், இந்தப் பெண்களுக்குப் படிக்கத் தெரியும் என்பதற்குச் சாட்சி என்ன என்றார். நன்றாகப் படிக்கும் நாலு பேரை அழைத்து வருகிறேன் என்று வாய்வரை வந்தது. அழைத்து வந்தால், தயார் செய்த ஆட்கள் என்று அவர் சொல்லுவார். அப்போது வகுப்பின் நடுவுக்கு நடந்துபோன அந்த மனிதரின் முதுகு என் கண்முன் வந்தது. டிப்டி கலெக்டரிடம் சொன்னேன்: "நான் யாரையும் அழைத்து வரவில்லை. ஓட்டர் பட்டியலைத் தாங்களே நடுவில் பிரித்து, விரல் படுகிற பெயரைக் கூப்பிடுங்கள்."

அவர் பட்டியலை நடுவில் பிரித்தார். விரல் நின்ற பெயர் மாராயி.

கிடங்கு வகுப்பில் மாராயியைவிட மெதுவாகப் படித்தவள் இல்லை. குழந்தை பெற்று நெடுநாள் வராமல் இருந்தவள். வந்தபோது பாதி எழுத்துகளை மறந்திருந்தாள். எழுதிப் பழகும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு வராதுங்க என்று அழுதவள். ஆனால் நடுவிலிருந்து எடுக்கச் சொன்னவள் நான்.

தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவளை டவாலிச் சேவகன் அப்படியே அழைத்து வந்தான். முழங்கை வரை கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. பங்களாத் தாழ்வாரத்தில் இவ்வளவு பேரைப் பார்த்து மிரண்டு, தூணோடு ஒட்டிக்கொண்டாள். டிப்டி கலெக்டர் தமிழ் நன்றாகப் பேசுபவர். பயப்பட வேண்டாம் என்று சொல்லி, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு ஒன்றைக் கொடுத்தார். இதில் என்ன எழுதியிருக்கிறது?

மாராயி சீட்டைப் பார்த்தாள். வெளிச்சம் விழுமாறு திருப்பிப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. வக்கீல் சிரித்தார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்றார்.

"இருங்க சாமி" என்றாள் மாராயி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எடுத்ததும் இழுத்தா நூலே அறுந்துபோயிருமுங்க."

பிறகு விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, 'வையாபுரி' என்று படித்தாள். அடுத்த சீட்டைக் கொடுத்தார்கள். 'ரங்கப்பன்' என்று படித்துவிட்டு, மிட்டாதார் பெயரை மொட்டையாகச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, 'அவருங்க' என்று சேர்த்தாள். வக்கீல் விடவில்லை. இந்த இரண்டு பெயரும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தவை, யாராவது முன்பே காட்டிக் கொடுத்திருக்கலாம் என்றார். டிப்டி கலெக்டர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் பங்களா விதி ஒன்று தமிழில் எழுதித் தொங்கிற்று. அதைக் காட்டினார்.

அவள் கழுத்தை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்தாள். உதடுகள் அசைந்தன. திடீரென்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியை நோக்கித் திரும்பினாள். எங்கே போகிறாய் என்று அதிகாரி கேட்டார்.

"உத்தரவு இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே. அப்ப நான் போறனுங்க சாமி, பாவு காயுது."

தாழ்வாரமே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டார் என்பதை அவருக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டும். டிப்டி கலெக்டர் சிரிப்பு அடங்கியதும் அவளிடம், ஓட்டுப் போடும்போது எந்தப் பெட்டி என்று யாராவது சொன்னார்களா என்று கேட்டார். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "சீட்டு ஒட்டியிருந்துதுங்களே. படிச்சுப் பாத்துத்தானுங்க எடுக்கோணும்" என்றாள். நூலை எடுப்பதைச் சொல்கிறாளா, ஓட்டைச் சொல்கிறாளா என்று எனக்கே தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். புகார் தள்ளப்பட்டது.

அப்போது எனக்கு உண்டான பெருமையை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்ததைப் பற்றிய பெருமை ஒரு பங்கு. மாராயி வாய் திறந்ததைப் பற்றிய பெருமை பல பங்கு.

சில நாள் கழித்து வையாபுரியார் பள்ளிக்கு வந்தார். நடுவில் இருந்த ஒரு பெண்ணை எழுப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடியிலிருந்து கிடங்குச் சாவியை எடுத்து என் மேசையில் வைத்தார். பள்ளியில் இடம் போதவில்லை, கிடங்கைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாகவும், நூலை வேறெங்காவது வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அடுத்த விடுமுறையில் சேலம் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். அவள், கிடங்கில் வெளிச்சம் வருமா என்று மட்டும் கேட்டாள். நிறைய வந்தது, நூலை வெளிச்சத்தில் பார்ப்பவர் கட்டிய கிடங்கு.

போர்டில் அவர் செய்த வேலைகள், போட்ட சாலைகள், வைத்த மருந்தகம் எல்லாம் அரசாங்கப் பதிவுகளில் இருக்கும். ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். யுத்த காலத்தில் நூல் கிடைப்பது அரிதாகி, அதற்குக் கட்டுப்பாடு வந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு என்று பங்கிடும் குழுவில் அவரைச் சேர்த்தார்கள். நூல் வியாபாரிகளுக்கு அது பொற்காலம் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த சமயம். அவர் குழுவில் உட்கார்ந்த அன்றே தம் வியாபார லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். பங்கு போடுகிற கையும் விற்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றார். சிவப்பு முடிச்சு அத்தோடு நின்றது.

அப்பா அப்போது நோயில் இருந்தார். கடை படுத்ததால் பொதுக்காரியத்துக்கு வந்த மனிதர் என்று நம்பியவர், பொதுக்காரியத்துக்காகக் கடையைப் பூட்டிய மனிதரைப் பற்றி என் வாயால் கேட்டார். வக்கீல் குமாஸ்தா அல்லவா, எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். பிறகு சொன்னார்: "அவர் இந்தப் பக்கம் வந்தா, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா." வையாபுரியார் வந்தார். இரண்டு பேரும் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான்.

நாற்பதுகளின் நடுவில் சட்டசபைக்குப் போனார். அங்கே அவர் பேசியது மிகக் குறைவு என்று குறை சொன்னவர்கள் உண்டு. பேச எழுந்தபோதெல்லாம் நெசவாளரின் நூலைப் பற்றியும் பெண்கள் பள்ளியைப் பற்றியும்தான் எழுந்தார் என்பதை நான் அறிவேன். சுதந்திரம் வந்ததைப் பார்த்துவிட்டு, சில ஆண்டுகளில் காலமானார். உடலின் மேல் பூமாலைகளுக்கு அடியில் யாரோ ஒரு சிட்டம் நூல் வைத்திருந்தார்கள். யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

விஜயாவுக்குச் சாவடி வேலை அதே ஊரில்தான் கிடைத்தது. தேர்தல் முடிந்ததும் வந்து சொன்னாள். ஒரு கிழவி வந்தாளாம். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பி, விரலை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து, உதடு மட்டும் அசையப் படித்தாளாம். சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டுப் போக வேண்டியதுதானே பாட்டி என்று ஒருவர் அவசரப்படுத்தியதற்கு, இருங்க சாமி என்றாளாம்.

வையாபுரியார் போய்விட்டார். மிட்டாதாரும், எனக்குத் தண்ணீர் கொடுத்த அவர் அண்ணியும் போய்விட்டார்கள். என் பெற்றோர் போய் நெடுங்காலமாயிற்று. அந்தச் சாவடிப் பட்டியலில் என் கையால் சரிபார்த்த பெயர்களில் இன்று மாராயி இருக்கிறாள். சரிபார்த்தவளும் இருக்கிறேன்.